சிகாகோவிலிருந்து பைசன் பார்க்கக் காரில் பயணம்: தெற்கு டகோட்டா போதுமா, யெல்லோஸ்டோன் வரை போக வேண்டுமா?

#1 கதிர்_சிகாகோ

அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வந்திருக்கிறார்கள். ஜூன் கடைசியில் காரில் மேற்கே போகலாம் என்று எண்ணம். நயாகராவும் நியூயார்க்கும் அப்பாவுக்கு வேண்டாமாம். அவர் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "பிரெய்ரி, பாம்பாஸ், ஸ்டெப்பி, வெல்டு, டவுன்ஸ் என்று உலகப் புல்வெளிகளை எத்தனை பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன், அதில் ஒன்றையாவது கண்ணில் காட்டு" என்கிறார். கூடவே பைசனும் (அமெரிக்கக் காட்டெருமை) பார்க்க வேண்டும். கம்பி வேலிக்குள் நிற்பது கணக்கில் சேராது என்று நிபந்தனை வேறு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அதிகம் நடக்க முடியாது, யெல்லோஸ்டோன் வரை காரில் உட்கார்ந்து வருவதும் சிரமம்தான். தெற்கு டகோட்டாவோடு திரும்பினால் பைசன் கண்ணில் படுமா? வழியில் ஒன்றுமே இல்லை, மக்காச்சோளமும் புல்லும்தான் என்று அலுவலகத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சைவச் சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

#2 நேப்பர்வில்_நாடோடி

அலுவலகத்தில் சொன்னது சரிதான். நாங்களும் ஐ-90 நெடுஞ்சாலை வழியாகத்தான் போனோம். மின்னசோட்டா தாண்டியதும் தூக்கம் சொக்கும். சாயங்காலம் கிளம்பி இரவோடு இரவாக ஓட்டிவிடுங்கள், விடியும்போது மலை தெரியும். மவுண்ட் ரஷ்மோர், கஸ்டர் ஸ்டேட் பார்க், அப்புறம் தெம்பு இருந்தால் யெல்லோஸ்டோன். பைசன் என்றால் யெல்லோஸ்டோன்தான். லமார் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கில் நிற்கும்.

#3 மன்ஹாட்டன்_கான்சாஸ்

நாடோடி, நீங்கள் தூங்கிக்கொண்டே கடந்த இடத்தைத்தானே அவருடைய அப்பா பார்க்க வேண்டும் என்கிறார்! புவியியல் வாத்தியாரை இருட்டில் பிரெய்ரி வழியாகக் கூட்டிப்போனால் வீட்டில் சண்டை வரும்.

கதிர், பகலில் ஓட்டுங்கள். ஐ-90இல் கிழக்கிலிருந்து மேற்கே போவது ஒரு முழுப் பாடம். ராக்கி மலைத்தொடர் பசிபிக் பக்கத்து ஈரக்காற்றைத் தடுப்பதால் மேற்கே போகப் போக மழை குறையும், அதோடு புல்லின் உயரமும் குறையும். இல்லினாய், அயோவா, மின்னசோட்டா பக்கம் இருந்தது நெடும்புல் பிரெய்ரி. பிக் புளூஸ்டெம் என்கிற புல் நல்ல மழை பெய்த வருஷத்தில் ஆள் உயரத்தைத் தாண்டும். டகோட்டாவின் நடுப்பகுதியில் நெடும்புல்லும் குறும்புல்லும் கலந்து வரும். இன்னும் மேற்கே போனால் கணுக்கால் உயரக் குறும்புல்.

ஆனால் கிழக்குப் பகுதியில் அந்த நெடும்புல்லை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் இல்லினாய்க்குச் செல்லப்பெயரே பிரெய்ரி மாநிலம்தான். அங்கே உழப்படாமல் மிஞ்சியது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. புல்வேர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக மட்கி உண்டாக்கிய கரிய மண் அது. அந்த ஈர மண் மரக்கலப்பையிலும் வார்ப்பிரும்புக் கலப்பையிலும் அப்பிக்கொண்டு உழவே விடாது. 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர் இல்லினாயில் எஃகுக் கலப்பை செய்த பிறகு நிலைமை மாறியது. அதன் பின் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட எல்லாம் வயலாகிவிட்டது. நீங்கள் பார்க்கப்போகும் மக்காச்சோளம் அந்தப் புல் விட்டுப்போன மண்ணில் விளைவது. அப்பாவிடம் இதை முன்பே சொல்லிவிட்டால் அவருக்கு மக்காச்சோளம்கூட அலுக்காது.

சேம்பர்லின் என்ற ஊரில் மிசௌரி ஆற்றைக் கடப்பீர்கள். அங்கே கண்ணைத் திறந்து வைத்திருங்கள். ஆற்றுக்குக் கிழக்கே கட்டம் கட்டமாக வயல்கள். மேற்கே ஏறியதும் நிலம் மடிந்து மடிந்து போகும், மேய்ச்சல் நிலமாக மாறும், ஊர்கள் அருகும். டகோட்டாக்காரர்களே தங்கள் மாநிலத்தை ஆற்றுக்குக் கிழக்கு, ஆற்றுக்கு மேற்கு என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள்.

#4 ராஜி_ரோசெஸ்டர்

நான் ஐ-90 பக்கத்திலேயே இருக்கிறேன், அதனால் நடைமுறை விஷயம் மட்டும்.

மின்னசோட்டாவின் மேற்கு ஓரத்தில் லூவெர்ன் என்ற ஊர். அங்கிருந்து வடக்கே சில மைல் போனால் புளூ மவுண்ட்ஸ் ஸ்டேட் பார்க். இளஞ்சிவப்புக் குவார்ட்சைட் பாறைச்சரிவு, அதன் மேல் உழாத நெடும்புல் வெளி, அதில் ஒரு சிறிய பைசன் மந்தை. பாறை இடுக்கில் சப்பாத்திக்கள்ளி முளைத்திருக்கும், மின்னசோட்டா குளிரில்! இது பெரிய வேலி போட்ட இடம்தான், அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் நெடும்புல்லும் பைசனும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும் இடம், நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே.

முதல் இரவு சூ ஃபால்ஸில் தங்குங்கள். இந்திய உணவகம் வேண்டுமென்றால் அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேற்கே பீட்சாவும் வெஜ் பர்கரும்தான் துணை. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஐஸ்பெட்டியில் தயிர். எங்கள் வீட்டில் இதற்கு மேல் எதற்கும் அலைவதில்லை.

சேம்பர்லின் ஓய்விடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். கழிப்பறை சுத்தம், ஆற்றைப் பார்க்க நல்ல மேடு, அம்மா நடக்க வேண்டிய தூரமும் குறைவு. 2016இல் வைத்த ஐம்பது அடி உயர 'டிக்னிட்டி' சிலையும் அங்கேதான். நட்சத்திர வடிவம் போட்ட போர்வையை விரித்துப் பிடித்து நிற்கும் பூர்வகுடிப் பெண்.

தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்தர பாஸ் பேட்லேண்ட்ஸில் செல்லும், கஸ்டரில் செல்லாது. கஸ்டர் மாநிலப் பூங்கா, தனிக் கட்டணம். வாசலில் நின்று வாதாடாதீர்கள். ஆகஸ்ட் முதல் பாதிக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும், அறை வாடகை எங்கேயோ போய்விடும்.

#5 கதிர்_சிகாகோ

ராஜி அக்கா, கான்சாஸ் அண்ணா, மிக்க நன்றி. அப்பாவிடம் #3ஐப் படித்துக் காட்டினேன். அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரவில் ஓட்டும் யோசனை ரத்து.

பைசன் எந்த இடத்தில், எந்த நேரத்தில் தெரியும்? காரை விட்டு இறங்கலாமா? வேலி இல்லாத இடம் எது?

#6 பாலா_டென்வர்

முதலில் வேலி விஷயம். அப்பாவின் நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். கஸ்டர், பேட்லேண்ட்ஸ், விண்ட் கேவ் மூன்றுக்குமே வெளி எல்லையில் வேலி உண்டு. வேலியே இல்லாமல் திரியும் மந்தைகள் அமெரிக்காவில் மிகக் குறைவு. யெல்லோஸ்டோன், யூட்டாவின் ஹென்றி மலை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். யெல்லோஸ்டோன் பைசன்கூட எல்லை தாண்டி மொன்டானாவுக்குள் போனால் பிரச்சினைதான்: மாடுகளுக்கு புரூசெல்லா நோய் தொற்றும் என்று பண்ணைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். ஆனால் கஸ்டர் பூங்கா 71,000 ஏக்கர். உள்ளே போய்விட்டால் வேலி எங்கே என்றே தெரியாது. வழியில் பண்ணை பைசனும் நிறையத் தெரியும், இறைச்சிக்காக வளர்ப்பவை. அமெரிக்காவில் இன்றுள்ள பைசன்களில் பெரும்பகுதி அந்த வகைதான். அவற்றை அப்பா விருப்பம் போல் கழித்துவிடலாம்.

இடங்கள். பேட்லேண்ட்ஸுக்கு ஐ-90இல் 131ஆம் எண் வழியில் இறங்கி, பூங்காவின் வளைய சாலையில் போய், வால் ஊரில் 110இல் மறுபடி ஏறலாம். எல்லோரும் செய்வது இது. பாறைக் கூம்புகள் தெரியும், பைசன் தெரிவது அதிர்ஷ்டம். 2019இல் வேலியைத் தள்ளிப்போட்டு மேய்ச்சல் பரப்பை 22,000 ஏக்கர் கூட்டிய பிறகு, பினக்கிள்ஸ் வாசல் பக்கம் தார்ச்சாலையிலிருந்தே சில நாள் பார்க்க முடிகிறது. உறுதியாக வேண்டுமானால் அந்த வாசலுக்கு அருகே பிரியும் சேஜ் கிரீக் ரிம் சாலையில் திரும்புங்கள். சரளைச் சாலை, சாதாரணக் கார் போகும். ஒரு பக்கம் அரித்துப்போன களிமண் சரிவு, மறு பக்கம் அடிவானம் வரை புல். போகிற வழியில் ராபர்ட்ஸ் பிரெய்ரி டாக் டவுன். பிரெய்ரி டாக் என்பது நாயல்ல, வளை தோண்டி வாழும் அணில் இனம். ஆள் வந்தால் நிமிர்ந்து நின்று கத்தும். அவை கொறித்துக் கொறித்துப் புல்லைக் குட்டையாக வைத்திருப்பதால் இளந்தளிர் எப்போதும் இருக்கும், அதைத் தின்ன பைசன் அங்கே வரும். அம்மா காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

மழை பெய்திருந்தால் அந்தச் சாலை வேண்டாம். அந்த மண்ணில் பென்டனைட் களி கலந்திருக்கிறது. நனைந்தால் வழுக்கும், சக்கரத்தில் அப்பும்.

கஸ்டரில் 18 மைல் வைல்ட்லைஃப் லூப் சாலை. காலை ஆறு மணிக்கு உள்ளே இருங்கள், அல்லது சூரியன் மறைவதற்கு முந்தின இரண்டு மணி நேரம். நடுப்பகலில் போய்விட்டு ஒன்றும் இல்லை என்று திட்டுபவர்கள் அதிகம். தென்படாவிட்டால் பார்வையாளர் மையத்தில் கேளுங்கள், மந்தை இன்று எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். பக்கத்திலேயே விண்ட் கேவ். எல்லோரும் கீழே குகைக்குள் போகிறார்கள். மேலே உள்ள புல்வெளி காலியாகக் கிடக்கும், எனக்குப் பிடித்தது அதுதான்.

இறங்கலாமா என்றால், பக்கத்தில் பைசன் இருக்கும்போது கூடவே கூடாது. யெல்லோஸ்டோனில் குறைந்தது 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நான் அதை இரண்டு மடங்காக வைத்துக்கொள்வேன். கிடா பைசன் 900 கிலோ வரை வரும். ஆனாலும் மணிக்கு 55 கிலோமீட்டர் ஓடும், நின்ற இடத்தில் சுழன்று திரும்பும். வாலைத் தூக்கினால் கோபம் அல்லது சாணம், எது என்று காத்திருந்து பார்க்க வேண்டாம். சாலையில் மந்தை வழி மறித்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள்.

ஜூன் கடைசியில் கன்றுகள் செம்மண் நிறத்தில் இருக்கும், பெரியவை குளிர்கால ரோமத்தை உதிர்த்துக்கொண்டிருக்கும். பழைய கம்பளி கிழிந்து தொங்குவது போல இருக்கும். நோய் என்று நினைத்துவிடாதீர்கள்.

#7 கோத்தகிரி_செல்வி

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்கள் ஊரில் இதைத்தான் தினமும் பார்க்கிறோமே! தேயிலைத் தோட்டத்தில் நிற்கும், சில நாள் வீட்டு வாசலுக்கே வரும். இதற்கா இத்தனை மைல்?

#8 பாலா_டென்வர்

செல்வி அக்கா, உங்கள் ஊரில் பைசன் என்று சொல்லும் காட்டுமாடு வேறு. அது காட்டில் வாழும், உடல் பளபளக்கும், கால் வெள்ளைக் காலுறை போட்டிருக்கும், காட்டோரம் பிடிக்கும். இது தலையிலும் தோளிலும் சடை தொங்கும், திறந்த வெளியில் வாழும். தோள்மேல் உள்ள திமில் முழுக்கத் தசை. அந்தப் பலத்தில்தான் குளிர்காலத்தில் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பனியை விலக்கி அடியில் உள்ள புல்லைத் தின்கிறது. எடையில் உங்கள் ஊர்க்காரர் இதற்குச் சளைத்தவர் இல்லை, சொல்லப்போனால் உயரத்திலும் சேர்த்து மேலேயே நிற்பார்.

#9 ரொறன்ரோ_பொடியன்

எல்லாரும் அமெரிக்காவையே கதைக்கிறீர்கள். எல்லை தாண்டி வர விசா இருந்தால் சஸ்கற்சுவானில் கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவை ஒருமுறை யோசியுங்கோ. வால் மேரி என்ற சின்ன ஊர்தான் வாசல். உழாத குறும்புல் வெளி, பிரெஞ்ச்மன் ஆறு வளைந்து வளைந்து போகும். 2005 கடைசியில் அல்பேர்ட்டாவின் எல்க் ஐலண்டிலிருந்து 71 பைசனைக் கொண்டு வந்து, அடுத்த வருஷம் திறந்து விட்டவை. அதற்கு முதல் நூறு வருஷத்துக்கு மேலே அந்த மண்ணில் பைசனே இல்லை. இரவில் வானம் வடிவாகத் தெரியும், சுற்றுவட்டாரத்தில் வெளிச்சமே கிடையாது. சனக்கூட்டமும் இல்லை. பெற்றோலை மட்டும் முதலே நிரப்பிக்கொள்ளுங்கோ.

இன்னொன்று. சாஸ்கற்றூனுக்குப் பக்கத்தில் வானுஸ்கேவின் என்று ஒரு பூர்வகுடிப் பாரம்பரியப் பூங்கா. 2019 கடைசியில் அங்கே பைசனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவை புழுதியில் புரளும் இடத்தில் மண் விலகி ஒரு கல் வெளியே தெரிந்தது. 2020இல் பார்த்தால் அதில் கையால் செதுக்கிய கோடுகள்! தேடியபோது மேலும் கற்கள் கிடைத்தன, செதுக்கின கல்லுளியும் கூட. தொல்லியல் ஆட்கள் பல வருஷமாகத் தோண்டிய இடம் அது, இதைக் கண்டெடுத்தது என்னவோ மாடுகள்.

#10 நேப்பர்வில்_நாடோடி

சரி, நான் தூங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி. இத்தனை பெரிய நிலம், இத்தனை புல். கோடிக்கணக்கில் இருந்த விலங்கு எப்படி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது? வேட்டையாடினார்கள் என்று ஒரு வரியில் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. மக்கள் எப்போதும் வேட்டையாடிக்கொண்டுதானே இருந்தார்கள்?

#11 மன்ஹாட்டன்_கான்சாஸ்

நல்ல கேள்வி. பூர்வகுடிகள் பல ஆயிரம் ஆண்டுகள் வேட்டையாடினார்கள். அல்பேர்ட்டாவில் ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் என்ற பாறை விளிம்பிலிருந்து மந்தையை விரட்டி விழவைத்தே கிட்டத்தட்ட ஆறாயிரம் ஆண்டுகள் வேட்டை நடந்திருக்கிறது. பிற்காலத்தில் குதிரை வந்தது, தோல் வியாபாரம் வந்தது, மந்தைகள் அதற்கே குறையத் தொடங்கின. ஆனால் கடைசி அடி வெகு வேகமாக விழுந்தது. 1870க்குப் பின் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. பைசன் தோலைப் பதனிட்டு ஆலைகளுக்கு இயந்திரப் பட்டை செய்யும் முறை கைகூடியது, அதனால் எந்தப் பருவத்தில் கொன்ற தோலுக்கும் விலை வந்தது. அதே சமயம் ரயில் சமவெளிக்குள் நுழைந்தது, தோல் கிழக்கே போக வழி கிடைத்தது. எங்கள் கான்சாஸின் டாட்ஜ் சிட்டி அந்த வியாபாரத்தில் எழுந்த ஊர். தோலை உரித்துக்கொண்டு உடலை அப்படியே விட்டார்கள். பிறகு எலும்பையும் பொறுக்கி ரயிலேற்றினார்கள், உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும். ராணுவத் தலைமை இதைத் தடுக்கவில்லை, உள்ளுக்குள் வரவேற்றது. சமவெளிப் பூர்வகுடிகளின் உணவு, கூடாரம், உடை எல்லாம் பைசன். அது போனால் அவர்கள் ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் அடங்குவார்கள் என்ற கணக்கு.

மூன்று கோடியிலிருந்து ஆறு கோடி வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1889இல் வில்லியம் ஹார்னடே என்ற விலங்கியலாளர் கணக்கெடுத்தபோது, கூண்டில் இருந்தவற்றையும் சேர்த்து ஆயிரத்தைச் சுற்றித்தான் வந்தது.

மிஞ்சியவை எப்படி மிஞ்சின என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டகோட்டாவில் டூப்ரீ குடும்பம் 1880களில் சில கன்றுகளைப் பிடித்து மாடுகளோடு வளர்த்தது. அந்த வீட்டுத் தலைவி லக்கோட்டா பெண். அந்த மந்தையை ஸ்காட்டி ஃபிலிப் என்ற பண்ணைக்காரர் வாங்கிப் பெருக்கினார். 1914இல் அவர் மந்தையிலிருந்து 36 பைசனைத் தெற்கு டகோட்டா மாநிலம் வாங்கியது. கதிர், நீங்கள் கஸ்டரில் பார்க்கப்போகும் ஆயிரத்துச் சொச்சமும் அந்த வழி வந்தவை. விண்ட் கேவ் மந்தைக்கு 1913இல் 14 பைசன் ரயிலில் வந்தன. எங்கிருந்து தெரியுமா? நியூயார்க் பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவிலிருந்து. அப்பாவிடம் சொல்லுங்கள், நியூயார்க்கை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

#12 இளவேனில்_ஓமஹா

ஒன்று சேர்க்கிறேன். பேட்லேண்ட்ஸின் தெற்குப் பகுதி பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனுக்குள் இருக்கிறது, ஓக்லாலா லக்கோட்டா மக்களின் நிலம். 1890 டிசம்பர் 29இல் அமெரிக்க ராணுவம் லக்கோட்டா மக்களைப் படுகொலை செய்த வூண்டட் நீ அதே ரிசர்வேஷனில்தான். பைசன் போய்ப் பத்து வருஷம்கூட ஆகவில்லை அப்போது. சுற்றுலாப் பலகைகளில் பைசன் கதை "நாம் காப்பாற்றினோம்" என்று முடிகிறது. யாரிடமிருந்து என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இன்று பல பூர்வகுடிகள் தங்கள் நிலத்தில் சொந்த மந்தை வைத்திருக்கிறார்கள். மொன்டானாவில் பைசன் ரேஞ்ச் என்ற பைசன் காப்பகம், 1908இல் சாலிஷ், கூட்னாய் மக்களின் நிலத்திலிருந்து எடுத்தது. 2020 டிசம்பரில் வந்த சட்டம் அதை அவர்களிடமே திருப்பித் தந்தது.

#13 நேப்பர்வில்_நாடோடி

இரண்டு பேருக்கும் நன்றி. புல் மட்டும் எனக்கு இன்னும் புல்லாகத்தான் தெரிகிறது.

#14 மன்ஹாட்டன்_கான்சாஸ்

அதற்கும் மருந்து இருக்கிறது. எங்கள் ஊருக்கு வாருங்கள். ஃபிளின்ட் ஹில்ஸில் மண்ணுக்கு அடியில் சில அங்குலத்திலேயே சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும். கலப்பை இறங்கவில்லை, அதனால் நெடும்புல் தப்பித்தது. வட அமெரிக்காவில் மிஞ்சிய நெடும்புல் பிரெய்ரியின் பெரும்பங்கு இங்கேயும் தெற்கே ஓக்லஹோமாவின் ஓசேஜ் பக்கத்திலும்தான். வசந்தத்தில் பண்ணைக்காரர்கள் தீ வைப்பார்கள், இரவில் குன்று குன்றாகத் தீக்கோடு நகரும். இரண்டு வாரத்தில் கரியின் மேல் பச்சை வந்துவிடும். தீ இல்லாவிட்டால் சில பத்தாண்டில் சீடர் மரம் மூடிவிடும். பைசன் எரிந்த இடத்தைத் தேடிப் போகும், அங்கேதான் இளம்புல்.

பைசன் பெரும்பாலும் புல்லை மட்டும் தின்னும், பூச்செடிகளை விட்டுவிடும். ஊருக்குப் பக்கத்தில் கான்சா பிரெய்ரி ஆய்வு நிலத்தில் முப்பது வருஷம் போலப் பார்த்து வந்ததில், பைசன் மேய்ந்த நிலத்தில் தாவர வகைகள், மேய்ச்சலே இல்லாத நிலத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே பைசன் வேறு, புல் வேறு என்று பார்க்க முடியாது. யெல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் பைசன் படத்துக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலங்கின் சொந்த ஊர் இந்தச் சமவெளி. காரை நிறுத்தி, இறங்கி, கீழே பாருங்கள். ஒரு கஜ வட்டத்துக்குள் எத்தனை வகை என்று எண்ணிப்பாருங்கள். எண்பது மைல் வேகத்தில் போனால் எதுவும் புல்தான்.

#15 கதிர்_சிகாகோ

போய் வந்தாயிற்று. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

புளூ மவுண்ட்ஸில் பைசன் தூரத்தில் கரும்புள்ளியாகத்தான் தெரிந்தது. அப்பா அதைப் பொருட்படுத்தவே இல்லை. புல்லுக்குள் குனிந்து கள்ளியைத் தேடிக்கொண்டிருந்தார். சேம்பர்லின் தாண்டி நிலம் மாறுவதைக் கான்சாஸ் அண்ணா சொன்னபடியே பார்த்தோம். பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் ஓரிடத்தில் நிறுத்தினோம். காற்று ஓயவே இல்லை. வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து மெடோலார்க் பாடியது. மஞ்சள் மார்பில் கறுப்புப் பட்டை. இவ்வளவு சின்னப் பறவைக்கு அவ்வளவு குரல். பாடப்புத்தகத்தில் "மரங்களற்ற புல்வெளி" என்று இருக்கிறதாம். ஓடை போகும் தாழ்வில் எல்லாம் காட்டன்வுட் மரம் வரிசையாக நிற்பதைக் காட்டி, இனிமேல் யாராவது அப்படி எழுதினால் விடமாட்டேன் என்றார் அப்பா.

சேஜ் கிரீக் சாலையில் பிரெய்ரி டாக் டவுன் வரை போனோம். மேற்கே கருமேகம் திரண்டதும் பாலா சொன்னது நினைவுக்கு வந்தது, திரும்பிவிட்டோம். அரை மணியில் ஆலங்கட்டி. பட்டாணி அளவுதான், கார் தப்பித்தது. சமவெளியில் மழை வருவது இருபது மைல் முன்பே தெரிகிறது, ஒதுங்கத்தான் இடமில்லை. அம்மாவுக்கு முழுப் பயணத்திலும் பிடித்தது பிரெய்ரி டாக்தான். பைசனுக்கு இரண்டாம் இடம்.

கஸ்டரில் காலை ஆறே காலுக்குள் வளைய சாலையில் இருந்தோம். முதல் வளைவுகளில் கழுதைகளும் பிராங்ஹார்ன் மான்களும் மட்டும். அப்புறம் ஒரு திருப்பத்தில் முன்னால் நாலைந்து கார்கள் நின்றிருந்தன. மந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துக் கண்ணாடியைக் கால்வாசி இறக்கினேன். சத்தம் எதிர்பார்க்காதது. அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல், ஒன்று நிறுத்தினால் இன்னொன்று. கன்றும் தாயும் அப்படித்தான் ஒன்றையொன்று தேடுகின்றன போலிருக்கிறது. புல்லை நாக்கால் சுற்றிப் பிடுங்கும் சத்தம்கூடக் கேட்டது. ஒரு கிடா சாலையோரப் புழுதியில் விழுந்து புரண்டது, தூசி எங்கள் காருக்குள்ளேயே வந்தது. முதுகின் மேல் பழுப்புத் தலைக் கறுப்புக் குருவிகள், மாட்டுப்பண்ணையில் பார்க்கும் கௌபேர்ட். பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அப்பா தமிழிலேயே "உள்ளே போய்யா!" என்று கத்தினார். அவர் புரிந்துகொண்டு உள்ளே போனார்.

வேலி விவகாரம் மட்டும் அப்பாவுக்கு முழுசாக ஆறவில்லை. ரேஞ்சரிடம் நேராகவே கேட்டார். வேலிக்குள் இருப்பதால் புல் தாங்கும் அளவுக்குத்தான் மந்தையை வைக்க முடியும், அதனால் செப்டம்பர் கடைசியில் குதிரைக்காரர்கள் எல்லாவற்றையும் ஓட்டி வந்து தடுப்பூசி போட்டு, மிகையானவற்றைப் பிரித்து விற்கிறோம் என்றார். அதைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் வருகிறார்களாம். "அப்படியானால் இது பெரிய பண்ணைதான்" என்றார் அப்பா. ரேஞ்சர் மறுக்கவில்லை.

அப்பாவிடமிருந்து ஒரு கேள்வி. ஓடையே இல்லாத இடத்தில், வயல் ஓரமாக, நேர்கோட்டில் மரங்கள் நிற்கின்றன. தானாக முளைத்தவை போல் இல்லை. அவை என்ன?

#16 மன்ஹாட்டன்_கான்சாஸ்

உங்கள் அப்பா கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவை காற்றுத்தடுப்பு வரிசைகள். 1930களில் வறட்சி வந்தபோது, புல்லை உழுதுபோட்ட மண் காற்றில் பறந்தது, பகலில் இருட்டியது. 1934இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆட்சி வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை மரவரிசை நடத் தொடங்கியது. 1942க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்கள். பிற்காலத்தில் பெரிய தெளிப்பான்களுக்கு இடைஞ்சல் என்று நிறைய வெட்டிவிட்டார்கள். நீங்கள் பார்த்ததில் பழையதும் இருக்கும், பண்ணைக்காரர்கள் பிறகு தாங்களே நட்டதும் இருக்கும்.

ரேஞ்சரிடம் அவர் சொன்னதும் நியாயம்தான். ஓநாயும் இல்லை, வலசை போக இடமும் இல்லை என்றால் கூட்டுவதும் குறைப்பதும் மனிதன் வேலையாகிவிடுகிறது. ஆனால் பண்ணையில் இறைச்சிக்கு வாகாகத் தேர்ந்தெடுத்து வளர்ப்பார்கள், இங்கே அந்தத் தேர்வை முடிந்தவரை தவிர்க்கப் பார்க்கிறார்கள். வித்தியாசம் அந்த அளவில்.

#17 மீனா_டாலஸ்

நாங்கள் டாலஸிலிருந்து அக்டோபரில் போகலாம் என்று பார்க்கிறோம். அப்போதும் பைசன் தெரியுமா? கஸ்டர் அவ்வளவு தூரம் வேண்டுமா?

#18 மன்ஹாட்டன்_கான்சாஸ்

டாலஸ் என்றால் ஓக்லஹோமாவே போதும். விச்சிடா மவுண்டன்ஸ் வனவிலங்குக் காப்பகம் அரை நாள் ஓட்டம்கூட இல்லை. 1907இல் பிராங்க்ஸிலிருந்து 15 பைசன் ரயிலில் வந்து இறங்கிய இடம். மறுநாள் வடக்கே பஹஸ்கா பக்கம் போனால் நெடும்புல் பிரெய்ரி காப்பகம், அங்கே இரண்டாயிரத்துக்கு மேல் பைசன். உள்ளே முழுக்கச் சரளைச் சாலை, ஓட்டிக்கொண்டே பார்க்கலாம். அக்டோபரில் நெடும்புல் கதிர் விட்டு முழு உயரத்தில் செம்பு நிறமாக இருக்கும். பைசன் பாதி மறைந்து நிற்கும், அதனால் நிதானமாக ஓட்டுங்கள்.

டகோட்டாதான் வேண்டும் என்றால் முதல் வாரத்திலேயே குளிருடை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் பனிப்புயல் அடித்துப் பல்லாயிரம் மாடுகள் செத்தன. அவற்றுக்குக் குளிர்கால ரோமம் இன்னும் வந்திருக்கவில்லை. கிளம்புவதற்கு முன்னும் வழியிலும் 511 என்ற சாலைத் தகவல் சேவையில் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.